அயலார் பந்தியும் நம்மவர் பந்தியும்: கடல்கடந்த அருட்பணியில் ஊழியரின் ஆவிக்குரிய வளர்ச்சி

அருட்பணியைக் குறித்து நாம் பேசும்பொழுது, அனுப்பப்படுகிறவர் எதைக் கொண்டு செல்கிறார் என்பதையே பெரும்பாலும் பேசுகிறோம். நற்செய்தியைக் கொண்டு செல்கிறார், கல்வியைக் கொண்டு செல்கிறார், மருத்துவத்தைக் கொண்டு செல்கிறார் என்கிறோம். ஆனால் அனுப்பப்பட்டவருக்கு அங்கே என்ன நேர்கிறது என்னும் வினாவை நாம் அவ்வளவாக எழுப்புவதில்லை. கடவுள் தம் ஊழியரை அயல்நாட்டிற்கு அனுப்புவது அங்குள்ளோரின் பொருட்டு மட்டுமன்று, அனுப்பப்படுகிறவரின் பொருட்டாகவும் ஆகும் என்பதைத் திருமறையும் திருச்சபை வரலாறும் ஒருங்கே காட்டுகின்றன.

இவ்வினா இன்று நமக்கு அவசரமானது. வாழ்நாள் முழுவதையும் அயல்நாட்டில் செலவிடுவோர் முன்பும் சிலரே, இன்றும் சிலரே. ஆனால் இரண்டு வாரங்களுக்கோ இரண்டு மாதங்களுக்கோ நேபாளத்திற்கும், மலேசியாவிற்கும், வளைகுடா நாடுகளுக்கும், கிழக்கு ஆப்பிரிக்காவிற்கும் சென்று பணிசெய்து திரும்பும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் நம்மிடையே பெருகியுள்ளனர். திரும்பி வந்தவர்கள், “நம் ஆவிக்குரிய வாழ்வு வளர்ந்தது” என்று சாட்சி பகருகிறார்கள். அச்சாட்சியை நாம் ஐயுறவேண்டியதில்லை. ஆயினும் வளர்ச்சி என்பது எது, அதனை எவ்வாறு அறிவது என்று கேட்பது இறையியல் கற்போரின் கடமையாகும்.

இரண்டு தவறான அளவுகோல்கள் எளிதில் நம் கைக்கு வருகின்றன. ஒன்று, உள்ளத்தில் எழுந்த உணர்ச்சிப் பெருக்கு. புதிய இடமும், புதிய முகங்களும், இடைவிடாத செபக் கூட்டங்களும் எவரையும் அனல்கொள்ளச் செய்யும். ஊர் திரும்பிய சில வாரங்களில் அவ்வனல் தணிந்துவிடுவதும் உண்டு. மற்றொன்று, செய்து முடித்த செயல்களின் எண்ணிக்கை. எத்தனை கூட்டங்கள், எத்தனை வீடுகள், எத்தனை பேர் கைகளை உயர்த்தினர் என்னும் கணக்கு அது. இவ்விரண்டையும் விடுத்து மூன்றாவது அளவுகோல் ஒன்றை நாம் இக்கட்டுரையில் முன்வைக்கிறோம். அது பந்தியே. ஊழியர் யாருடைய கையிலிருந்து உணவை வாங்கி உண்டார், திரும்பி வந்தபின் யாரோடு அமர்ந்து உண்கிறார் என்பதிலேயே அவருடைய வளர்ச்சி வெளிப்படுகிறது.

1. வெறுங்கையராய்ச் செல்லுதல்

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் எழுபது பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். அவர் கொடுத்த கட்டளைகளை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பணப்பை கூடாது, பை கூடாது, மிதியடி கூடாது. ஒரே வீட்டில் தங்கவேண்டும், வீடு மாற்றலாகாது. முன்வைக்கப்படுவதை உண்ணவேண்டும். நோயாளரைக் குணமாக்குவதும் இறையாட்சியை அறிவிப்பதும் இதற்குப் பின்னரே வருகின்றன.

இந்த வரிசை தற்செயலானதன்று. பணப்பை உள்ளவர் தமக்கு வேண்டியதைத் தாமே வாங்கிக்கொள்வார். அவருக்கு ஊரார் தேவையில்லை. பணப்பை இல்லாதவரோ முதலாவது ஒரு வீட்டின் வாயிலில் நின்று, தம்மை ஏற்றுக்கொள்வார்களா என்று காத்திருக்கவேண்டும். கொடுப்பதற்கென்று வந்தவர் முதலில் பெறுகிறவராகிறார். வீடு மாற்றலாகாது என்னும் கட்டளையும் இதனையே வலியுறுத்துகிறது. இன்னும் வசதியான வீடும் இன்னும் சுவையான உணவும் கிடைக்குமெனத் தேடுகிறவர், தம்மை ஏற்ற ஏழையை அவமதிக்கிறார்.

நம் மொழியில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் ‘புதுமை’ என்பதாகும். பின்னரே அது புதிதாய் வந்தவரையும், அவருக்கு இடப்படும் உணவையும் குறிக்கலாயிற்று. கிரேக்கத்தில் ‘க்சேனோஸ்’ என்னும் சொல் அந்நியரையும் குறிக்கும், விருந்து அளிப்பவரையும் குறிக்கும். உரோமர் 16:23-இல் பவுலடியாரை உபசரித்த காயு இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறார். அளிப்பவரையும் பெறுபவரையும் ஒரே சொல் தழுவி நிற்கிறது. விருந்தோம்பலை நம் மக்கள் அறமாகப் போற்றி வந்துள்ளனர். திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. ஆனால் விருந்தோம்புவது எவ்வளவு கடினமோ, விருந்தினராய் இருக்கக் கற்பதும் அவ்வளவு கடினமே. ஆயர்களாகிய நமக்கு அது இன்னும் கடினம். நம் சபைகளில் நாம் போதிக்கிறவர்கள், தலைமை தாங்குகிறவர்கள். மொழி தெரியாத ஊரிலோ தண்ணீர் கேட்பதற்கும் ஒரு சிறுவனின் உதவி நமக்குத் தேவைப்படுகிறது. அந்தத் தாழ்வு வீணான இடையூறன்று. அதுவே வளர்ச்சியின் வாயில்.

எழுபது பேரும் மகிழ்ச்சியோடு திரும்பி வந்து, பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிந்ததாக அறிவித்தனர். ஆண்டவர் அவர்கள் மகிழ்ச்சியை மறுக்கவில்லை. ஆனால் அதன் காரணத்தை மாற்றினார். தாங்கள் செய்தவற்றைக் குறித்தன்று, தங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதைக் குறித்தே மகிழும்படி கூறினார். அருட்பணிப் பயணத்தின் அறிக்கையைத் திருத்திய முதல் ஆசிரியர் நம் ஆண்டவரே எனலாம்.

2. யோப்பாவிலிருந்து செசரியாவுக்கு

அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தைக் கொர்நேலியுவின் மனமாற்றம் என்று அழைப்பது வழக்கம். அதனைப் பேதுருவின் மனமாற்றம் என்று அழைப்பதும் முற்றிலும் பொருந்தும். உண்மையில் அது ஒரு குறுகிய காலப் பயணமே. யோப்பாவிற்கும் செசரியாவிற்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம். புறப்பட்ட மறுநாள் பேதுரு அங்கே சேர்ந்தார். சில நாட்கள் தங்கினார். நாட்டெல்லையை அவர் கடக்கவில்லை. ஆனால் எந்த நாட்டெல்லையையும்விட உயரமான ஒரு மதிலைக் கடந்தார்.

இம்மாற்றம் ஒரே நொடியில் நேரவில்லை. யோப்பாவில் அவர் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் தங்கியிருந்தார். யூதர் இழிவாக எண்ணிய தொழில் அது. அங்கே அவர் தரிசனம் கண்டார், ஆனால் அதன் பொருள் விளங்காமல் குழம்பினார். கொர்நேலியுவின் ஆட்கள் வந்தபொழுது அவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார். புறவினத்தாரின் வீட்டிற்குள் தாம் நுழைவதற்கு முன்னரே, தாம் தங்கிய வீட்டினுள் அவர்களை ஏற்றுக்கொண்டார். பின்பு வழிநடந்தார். செசரியாவில் கொர்நேலியு தம் வாழ்வில் நடந்ததைக் கூற, பேதுரு செவிகொடுத்தார். அதற்குப் பிறகே அவர் வாய் திறந்து, கடவுள் ஆள்பார்த்துச் செயற்படுகிறவர் அல்லர் என்பதைத் தாம் உணர்வதாகக் கூறினார் (10:34). பிரசங்கம் தொடங்கும்பொழுதே பிரசங்கியார் புதியதொன்றைக் கற்றுவிட்டார்.

எருசலேமுக்குத் திரும்பியபோது அங்கிருந்தோர் அவர்மேல் சுமத்திய குற்றம் எது? புறவினத்தாருக்குத் திருமுழுக்கு அளித்தது ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவரோடு உணவருந்தியது ஏன் என்றே கேட்டனர் (11:3). நற்செய்தி பரவுவதில் அவர்களுக்கு இடர்ப்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. பந்தி பரவுவதிலேயே அவர்களுக்கு இடர்ப்பாடு இருந்தது. பேதுரு தனியே செல்லாமல் ஆறு சகோதரரை உடன் அழைத்துச் சென்றது இப்பொழுது பயன்பட்டது. நடந்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

3. தரங்கம்பாடியின் மணலெழுத்து

சீகன்பால்க் 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் தம் தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 23. டென்மார்க் அரசரின் அனுப்புதலும், இறையியல் கல்வியும், பற்றுறுதியும் அவரிடம் இருந்தன. மொழி ஒன்றே இல்லை. ஆகவே அவர் ஒரு தமிழாசிரியரிடம் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதக் கற்றார். போதிக்க வந்தவர் அரிச்சுவடி மாணவரானார்.

ஐரோப்பியர் பலரைப்போல் அவரும் இந்நாட்டு மக்களை அறிவும் ஒழுங்கும் அற்றவர் என்று எண்ணி வந்தவரே. மொழியைக் கற்று, நூல்களைப் படித்து, மக்களோடு உரையாடியபின் அவ்வெண்ணம் தவறென அவரே எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றிற்கு ஓர் அட்டவணை வகுத்தார். 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். நற்செய்தியின்மேல் அவர் கொண்ட பற்று இதனால் தளரவில்லை. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சேற்றியவரும் அவரே. 1715-இல் அப்பணி நிறைவெய்தியது. அயலாரை மதிக்கக் கற்றதும் நற்செய்தியை உறுதியாய்ப் பற்றியதும் அவரிடத்தில் ஒன்றையொன்று வளர்த்தன.

1708-ஆம் ஆண்டின் இறுதியில் டேனியத் தளபதி அவரைச் சிறையிலடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் சிறையிலிருந்தார். தம்மவரே தம்மைச் சிறைப்படுத்திய அந்நாட்களில், எந்த அரசின் பாதுகாப்பில் வந்தாரோ அதன்மேல் நம்பிக்கை வைக்கலாகாது என்பதை அவர் உணர்ந்திருக்கவேண்டும்.

தாம் கற்றதைத் தாயகத்திற்கு அறிவிக்க அவர் முயன்றபொழுது என்ன நேர்ந்தது என்பதும் நமக்குப் பாடமாகும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய விரிவான நூலொன்றை 1713-இல் அவர் எழுதி முடித்தார். ஹாலே நகரிலிருந்த அவருடைய ஆதரவாளர்கள் அதனை வெளியிட விரும்பவில்லை. 1867-இல்தான் சென்னையில் அது அச்சேறியது. அவர் மறைந்தது 1719-இல். எருசலேம் சபை பேதுருவிடம் கேட்ட கேள்வியும் ஹாலேயின் தயக்கமும் ஒரே வேரினின்று எழுந்தவை. அனுப்பியவர்கள் வெற்றிச் செய்தியை எதிர்பார்க்கிறார்கள். அனுப்பப்பட்டவர் கற்ற பாடத்தையோ அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

4. யாழ்ப்பாணம் சென்ற அசரியா

நீண்ட காலம் தங்கினால்தான் வளர்ச்சி உண்டாகும் என்று நாம் எண்ணவேண்டியதில்லை. வேதநாயகம் சாமுவேல் அசரியா வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றி வந்த காலத்தில், 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஓர் அருட்பணிச் சங்கத்தை அமைத்து, தங்கள் காணிக்கையால் ஊழியரைக் கடல்கடந்து இந்தியக் கரைக்கு அனுப்பித் தாங்கிவருவதைக் கண்டார். எண்ணிக்கையில் பெரிய திருநெல்வேலித் திருச்சபை அதுவரை அவ்வாறு செய்யவில்லை என்னும் உண்மை அவர் உள்ளத்தைத் தைத்தது.

அப்பயணத்தில் அவர் பெற்றது உதவி செய்த மனநிறைவன்று. உள்ளத்தை உறுத்திய ஒரு கேள்வி. அதன் கனி விரைவில் தோன்றிற்று. 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அச்சங்கம் தெலுங்கு மக்களிடையே தோர்ணக்கலைத் தன் பணித்தளமாகக் கொண்டது. 1909-இல் அசரியா தாமே அங்கு சென்றார். தமிழராகிய அவர் தெலுங்கைக் கற்று, பெரும்பாலும் மாலா, மாதிகா மக்களைக் கொண்டு வளர்ந்த திருச்சபைக்கு ஊழியரானார். 1912-இல் அதன் பேராயரானார். 1945-இல் மறையும் வரை அவர்களோடே வாழ்ந்தார்.

1910-ஆம் ஆண்டு எடின்பரோ உலக அருட்பணி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. மேனாட்டு அருட்பணியாளரின் தியாகத்திற்கு நன்றி கூறியபின், தியாகம் மட்டும் போதாது, நட்பும் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார். மேலேயிருந்து கொடுப்பவராக இராமல் உடனமர்பவராக இருங்கள் என்பதே அதன் பொருள். அவ்வுரையை மேனாட்டாருக்கு எதிரான குற்றச்சாட்டாக மட்டும் நாம் படித்துவருகிறோம். இன்று அயல்நாடுகளுக்கு அனுப்பப்படுகிறவர்கள் நாமே. ஆகவே அக்கேள்வி இப்பொழுது நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது.

5. அந்தியோகியாவில் நேர்ந்த பின்னடைவு

பேதுருவின் வரலாறு செசரியாவோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையும் இங்கேயே முடியலாம். ஆனால் கலாத்தியர் 2:11-14 வேறொரு காட்சியைக் காட்டுகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்டுவந்தார். யாக்கோபினிடமிருந்து சிலர் வந்தபொழுது, அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அவரோடு இழுப்புண்டார் என்று பவுலடியார் துயரத்தோடு எழுதுகிறார். இந்நிகழ்ச்சி எப்பொழுது நடந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பர்னபா பவுலோடு முதல் அருட்பணிப் பயணத்தை முடித்துத் திரும்பியபின் இது நடந்ததென்பதே பெரும்பாலான விளக்கவுரையாளரின் முடிவு.

தரிசனம் கண்டவர், வழிநடந்தவர், ஆவியானவரின் பொழிவைக் கண்ணால் கண்டவர், எருசலேமில் துணிவோடு சான்று பகர்ந்தவர். அத்தகையவரும் தம்மவர் கண்முன் தம் பந்தியை மாற்றிக்கொண்டார். பயணத்தில் பெற்ற வளர்ச்சி பயணத்தில் இழக்கப்படுவதில்லை. வீட்டில்தான் இழக்கப்படுகிறது. அந்நியரின் எதிர்ப்பு பேதுருவை வீழ்த்தவில்லை. சொந்தச் சகோதரரின் முகக்கோணலுக்கு அவர் அஞ்சினார்.

தமிழ்த் திருச்சபைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமா? சீகன்பால்க் மணலில் எழுதக் கற்ற அதே தரங்கம்பாடி அருட்பணியின் சபைகளில், 18-ஆம் நூற்றாண்டிலேயே சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இடம்பெற்றது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே நீக்கப்படவேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தபொழுது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினரேயன்றி, சாதியை விட்டு விலகவில்லை. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. நம் திருமண அழைப்புகளும், பேராய மன்றத் தேர்தல்களும் எதனைச் சுற்றிச் சுழல்கின்றன என்பதை ஆயர்களாகிய நாம் அறிவோம்.

நேபாளத்து மலைக்குடிலில் முன்பின் அறியாதவர் சமைத்ததை நன்றியோடு உண்டு, அதனைப் படமெடுத்துச் சபையாருக்குக் காட்டும் ஊழியர், தம் சொந்த ஊரின் தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் தண்ணீர் அருந்தத் தயங்குவாரானால், அவர் அயல்நாட்டில் வளர்ந்தார் என்று கூற முடியாது. தொலைவிலுள்ள அயலாரை நேசிப்பதற்கு நம் உறவினரின் அனுமதி தேவையில்லை. அதனால் நம் மதிப்பும் குறைவதில்லை, கூடுகிறது. அருகிலுள்ள அயலாரை நேசிப்பதற்கோ விலை கொடுக்கவேண்டும். அவ்விலையைக் கொடுக்க ஆற்றல் தருவதே உண்மையான ஆவிக்குரிய வளர்ச்சி.

6. நாம் செய்யத்தக்கவை

பயணத்திற்கு முன்: செல்லவிருக்கும் நாட்டின் மொழியில் வாழ்த்துக் கூறவும், நன்றி கூறவும், மன்னிப்புக் கேட்கவுமாவது கற்றுக்கொள்வது நலம். அந்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைப் படித்துச் செல்லவேண்டும். நாம் சென்று சேருமுன் கடவுள் அங்கே செயலாற்றிக்கொண்டிருந்தார் என்பதை நினைவில் நிறுத்த இது உதவும். பேதுருவைப்போல் உடன் ஊழியரோடு செல்வதே சிறந்தது. அவர்கள் நமக்குத் துணை மட்டுமல்லர், பிற்காலத்தில் நம்மைத் தட்டிக்கேட்கும் சாட்சிகளும் ஆவர்.

பயணத்தின்போது: ஊரார் அளிக்கும் தங்குமிடத்தையும் உணவையும் ஏற்று, நம் பணத்தால் அவர்களுடைய விருந்தோம்பலைத் தள்ளிவிடாதிருப்போமாக. முதற் சில நாட்கள் பிரசங்கிப்பதைவிடச் செவிகொடுப்பதற்கே மிகுதியும் ஒதுக்கத்தக்கவை. கொர்நேலியு பேசிமுடிக்கும்வரை பேதுரு காத்திருந்ததை நாம் மறக்கலாகாது. நாட்குறிப்பு எழுதுவோர், “இன்று நாம் என்ன செய்தோம்” என்பதோடு, “இன்று நாம் யாரிடமிருந்து எதைப் பெற்றோம்” என்றும் எழுதிவரட்டும்.

பயணத்திற்குப் பின்: சபைக்கு அளிக்கும் அறிக்கையில், பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவில் செய்ததுபோல் (அப். 14:27), கடவுள் செய்தவற்றையே முதன்மைப்படுத்தவேண்டும். நம்மை ஏற்ற மக்களின் வறுமையை மட்டும் காட்டும் படங்கள் அவர்களை அவமதிப்பவை. அவர்கள் நமக்குக் கற்பித்தவற்றையும் கூறுவதே நன்றியுடைமை. இறையியல் கல்லூரிகள், திரும்பிவந்த மாணவரை உடனே மேடையேற்றாமல், நம் சொந்தப் பேராயத்திலேயே அவர் இதுவரை நுழைந்திராத தெருவிலுள்ள ஒரு சிறு சபைக்குச் சில மாதங்கள் அனுப்பலாம். அயல்நாட்டில் அவர் கற்றது அங்கே உறுதிப்படும், அல்லது அவர் இன்னும் கற்கவில்லை என்பது வெளிப்படும். இரண்டும் பயனுள்ளவையே.

இவற்றிற்குச் செலவாகும் பணத்தை உள்ளூர்ப் பணிக்கே அளிக்கலாகாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. போனவர் போனவாறே திரும்புவாரானால், அப்பணம் வீணே. ஆனால் அசரியாவின் ஒரு பயணம் ஒரு திருச்சபையின் கண்களைத் திறந்தது. பயணத்தின் பயனைப் பயணச் சீட்டின் விலையால் அளக்க முடியாது. திரும்பியவரின் பந்தியால் அளக்கலாம்.

ஒவ்வொரு ஆண்டவர் நாளிலும் ஆயர்களாகிய நாம் ஒரு பந்தியின் முன் நிற்கிறோம். அங்கே விருந்தளிப்பவர் கிறிஸ்து. நாம் அனைவரும் வெறுங்கையரான விருந்தினரே. கடலைக் கடந்து சென்றாலும் தெருவைக் கடந்து சென்றாலும், அவர் கையிலிருந்து அப்பத்தைப் பெற்றவர் வேறெந்தக் கையையும் தீட்டென்று எண்ண இயலாது. இதனை மனத்தால் ஒப்புக்கொள்வது எளிது. அதன்படி உண்பதே வளர்ச்சி. அந்தியோகியாவில் தடுமாறிய பேதுருவை ஆண்டவர் கைவிடவில்லை. நம்மையும் அவர் கைவிடாமல், அயலார் பந்தியில் நாம் கற்றதை நம்மவர் பந்தியிலும் காத்துக்கொள்ள அருள்புரிவாராக.